வாடகை கார்ல நாலஞ்சு நாடு: ஸ்டிக்கர் சைட், ரென்டல் கவுன்ட்டர், மேப் ஆப், எது உருப்படி எது தண்டம்

முதல்லயே சொல்லிடறேன், இது சுத்திப் பாத்த கதை இல்ல. மியூனிக்ல காரை எடுத்து ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி, சுவிஸ்னு ஒரு ரவுண்டு அடிச்சு மறுபடி மியூனிக்லயே கொண்டுபோய் விட்டோம், அதுக்காக காசு குடுத்து வாங்கின ஒவ்வொரு சர்வீஸையும் பத்திதான் இந்த ரிவ்யூ. நானும் மச்சானும் மாத்தி மாத்தி ஓட்டினோம், ரெண்டு பேருக்குமே வெளிநாட்டுல ஸ்டியரிங் பிடிக்கறது அதான் முதல் தடவை. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் பயமுறுத்தினது வலது பக்கம் ஓட்டறதப் பத்தி, ஆனா அது பெட்ரோல் பங்க்லேர்ந்து வெளிய வரும்போதும் காலையில காலி ரோட்டுல முதல் திருப்பத்துலயும் மட்டும்தான் குழப்பும், பக்கத்து சீட்டுல இருக்கறவங்க "வலது, வலது"ன்னு ஒரு குரல் குடுத்தா போதும், மதியத்துக்குள்ள பழகிடும். நிஜமா மண்டை காயறது வண்டி நம்பர் விஷயத்துலதான்.

அது என்னன்னா, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, சுவிஸ் மூணுலயும் ஹைவேல ஏறணும்னா விக்னெட் வேணும், அதாவது இத்தனை நாளைக்கு இவ்வளவுன்னு முன்கூட்டியே கட்டற டோல். முன்னாடி அது கண்ணாடில ஒட்டற ஸ்டிக்கர் மட்டும்தான், இப்ப டிஜிட்டல்லயும் வருது, ஆன்லைன்ல வாங்கி உங்க வண்டி நம்பரோட சேத்துடுவாங்க, ரோட்டுல கேமரா நம்பர் பிளேட்டைப் படிச்சு இருக்கா இல்லையான்னு பாத்துக்கும். ஐடியா சூப்பர்தான், ஆனா வாடகை வண்டில அந்த நம்பர் சாவி கைக்கு வர்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. புக்கிங்ல "இந்த மாடல் அல்லது இதுபோல"ன்னு மட்டும்தான் இருக்கும். அதனால எவ்வளவு உஷாரா ஆறு மாசம் முன்னாடியே பிளான் பண்ணாலும் இந்த வேலை மட்டும் ரென்டல் பார்க்கிங்ல வண்டிக்குள்ள உக்காந்துட்டுதான் நடக்கும். அங்க ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க, ஃபோன்ல நெட் இருக்கணும், வெளிநாட்டு ஆன்லைன் பேமென்ட் கார்டுல ஆன் பண்ணி வச்சிருக்கணும், ஓடிபி வர்ற சிம் உயிரோட இருக்கணும். இந்த மூணுல ஒண்ணு சொதப்பினாலும் பார்டர்ல நின்னுட்டு முழிக்கணும்.

இப்ப ஒவ்வொண்ணா.

ஆஸ்திரியா: அஸ்ஃபினாக்னு அந்த ஊரு ஹைவே கம்பெனியோட சொந்த சைட், ஆப்பும் இருக்கு. இருக்கறதுலயே எனக்குப் பிடிச்சது இதுதான், அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். ஒரு நாள், 10 நாள், 2 மாசம், ஒரு வருஷம்னு நாலு வகை, 2025 ரேட்ல ஒரு நாளுக்கு 9.30 யூரோ, 10 நாளுக்கு 12.40, அதனால ஒரு நாள் எடுக்கறதுல பெருசா லாபமே இல்ல. நாடு, நம்பர், ஆரம்பிக்கற தேதி, காசு, முடிஞ்சது. இதுல பொறி என்னன்னா 2 மாசமும் வருஷமும் ஆன்லைன்ல வாங்கினா வாங்கின 18-வது நாள்லேர்ந்துதான் செல்லும், ஆன்லைன்ல வாங்கினதை வாபஸ் பண்ற உரிமை வாங்கறவங்களுக்கு இருக்கறதால அந்தக் கெடு தாண்டினப்புறம்தான் ஆரம்பிக்க விடறாங்க. ஒரு நாளும் 10 நாளும் உடனே ஆரம்பிச்சுக்கலாம், நம்மள மாதிரி வந்துட்டுப் போறவங்களுக்கு அதான் தேவை.

அரை மார்க் ஏன் கொறச்சேன்னா, விக்னெட் வாங்கினாலும் எல்லா ரோடும் அதுல அடங்காது, சில மலைப் பாதைகளுக்கும் டனல்களுக்கும் தனி டோல். பிரென்னர், டவர்ன், ஆர்ல்பெர்க், கரவாங்கன் எல்லாம் அந்த லிஸ்ட். பூத்ல கார்டைத் தேய்ச்சுட்டுப் போயிடலாம், ஆன்லைன்லயும் அதே சைட்ல முன்கூட்டி வாங்கலாம், கஷ்டமில்ல, ஆனா "அதான் விக்னெட் வாங்கியாச்சே, இது எதுக்கு"ன்னு மச்சான் பூத்ல கேட்ட கேள்விக்கு அந்தம்மா சிரிச்ச சிரிப்பைப் பாக்கணும், தினம் நூறு பேர் கேப்பாங்க போல. இன்னொரு பக்கம் சில துண்டு ரோடுக்கு விக்னெட்டே வேணாம், ஜெர்மனி பார்டர்லேர்ந்து சால்ஸ்பர்க் வடக்கு எக்ஸிட் வரைக்கும், அப்புறம் சுவிஸ்லேர்ந்து மியூனிக் திரும்பற வழில பிரெகென்ஸ் பக்கம் ஹோஹெனெம்ஸ்லேர்ந்து ஜெர்மனி பார்டர் வரைக்கும். 2019 டிசம்பர்லேர்ந்து அது ஃப்ரீ. இது தெரிஞ்சா திரும்பி வரும்போது ரெண்டாவது தடவை ஆஸ்திரியாவுக்குன்னு தனியா வாங்கற செலவு மிச்சம்.

கிராஸ்க்ளாக்னர் மலை ரோடு இதுல சேராது, அது தனி டிக்கெட், காருக்கு 40 யூரோவுக்கு மேல. 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, 1935-ல திறந்தது, மே மாசம் வாக்குல திறந்து நவம்பர் ஆரம்பத்துல மூடிடுவாங்க, ராத்திரியும் மூடி இருக்கும். ஒரு ரோட்டுக்கு இவ்வளவான்னு தோணும், வானம் தெளிவா இருந்தா தாராளமா குடுங்க, மூட்டமா இருந்தா ஒண்ணும் தெரியாது, அதனால முன்னாடியே வாங்காம அன்னிக்குக் காலையில அவங்க சைட்ல வெப்கேம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இறங்கும்போது ரெண்டாவது கியர், பிரேக்கை மிதிச்சுட்டே வந்தா கருகின வாசனை வரும்.

ஸ்லோவேனியா: 2022-லேர்ந்து முழுக்க டிஜிட்டல், ஸ்டிக்கரே கிடையாது. சைட் சிம்பிள், இங்கிலீஷ்ல இருக்கு, வண்டி எந்த கிளாஸ்னு கேக்கும்போது சாதாரண காருக்கு ரெண்டு-ஏ. குறைஞ்சது ஒரு வாரம், 16 யூரோ. நாங்க அந்த நாட்டுல பிளெட் ஏரி, லியூப்லியானா, அப்புறம் இத்தாலி பார்டர்னு கொஞ்சம்தான் ஓட்டினோம், ஆனா ஒரே ஒரு மணி நேரம் தாண்டிப் போறவங்களுக்கும் இதே ரேட்தான். அபராதம் 300 யூரோலேர்ந்து ஆரம்பிக்குது, செக்கிங்கும் பலமா இருக்கும், ரிஸ்க் எடுக்காதீங்க. கரவாங்கன் டனலை விட்டு வெளிய வந்ததுமே ஸ்லோவேனியா ஹைவே, வண்டியை ஓரம் கட்டி யோசிக்க நேரமே இருக்காது, முந்தின நாளே வாங்கிடணும். ஹைவே வேணாம்னா லோய்பெல் கணவாய் வழியா பழைய ரோடு இருக்கு, அந்த டனலுக்கு டோல் இல்ல. சைட்டுக்கு அஞ்சுக்கு நாலு.

சுவிஸ்: இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். சின்ன வகையே கிடையாது, வருஷத்துக்கு 40 ஃப்ராங்க், அவ்வளவுதான், நீ ரெண்டு நாள் இருந்தா என்ன இருபது நாள் இருந்தா என்ன. முந்தின வருஷம் டிசம்பர் 1-லேர்ந்து அடுத்த வருஷம் ஜனவரி 31 வரைக்கும் 14 மாசம் செல்லும்னு பெருமையா போட்டிருக்காங்க, வாடகை வண்டியை ஒரு வாரத்துல திருப்பிக் குடுக்கறவனுக்கு மீதி மாசம் எல்லாம் அடுத்து அந்த வண்டியை எடுக்கறவனுக்கு தானம். ஆனா நியாயமா சொல்லணும்னா 17 கிலோமீட்டர் காட்ஹார்ட் டனல் அந்த 40-லயே அடக்கம், பக்கத்து நாட்டுல இதைவிட சின்ன டனலுக்கு எல்லாம் தனியா கறக்கறாங்க. 2023 ஆகஸ்ட்லேர்ந்து ஆன்லைன்ல வருது, அக்கவுன்ட் கூட திறக்க வேணாம், நம்பர் போட்டு காசு கட்டினா அந்த நிமிஷமே செல்லும். இல்லாம மாட்டினா 200 ஃப்ராங்க் ஃபைன், அதுக்கு மேல விக்னெட் காசும். சைட்டுக்கு நாலு, பாலிசிக்கு ரெண்டு.

இதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க. சுவிஸ்ல பதிவான வண்டியை அங்கயே வாடகைக்கு எடுத்தா சுவிஸ் விக்னெட் அதுல ஏற்கனவே இருக்கும், ஆஸ்திரியாவுல எடுத்தா ஆஸ்திரியாவோடது இருக்கும், ஜெர்மனில கார்களுக்கு டோலே இல்லாததால அங்க எடுக்கற வண்டில ஒண்ணுமே இருக்காது. ஆனா ஜெர்மனில வாடகை மலிவு, அந்த வித்தியாசத்துல மூணு நாட்டு விக்னெட்டும் வாங்கிடலாம், எங்க கணக்குல அப்படித்தான் வந்துச்சு. பாசல், ஜெனீவா ஏர்போர்ட்ல எடுக்கறவங்க மட்டும் கவனமா இருங்க, ஒரே ஏர்போர்ட்ல ஃபிரெஞ்சு பக்கம் ஒரு கவுன்ட்டர், சுவிஸ் பக்கம் ஒரு கவுன்ட்டர், ஃபிரெஞ்சு பக்கம் மலிவா காட்டும், அந்த வண்டில சுவிஸ் விக்னெட் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

நம்பர் டைப் பண்ணும்போது பூஜ்யமா ஓவான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க, நாடுங்கற இடத்துல நீங்க இருக்கற நாடு இல்ல, வண்டி பதிவான நாடு. சாவி கவர்ல எழுதிக் குடுக்கற நம்பரை நம்பாம நேரா பிளேட்டைப் பாத்து அடிங்க. அப்புறம் சர்ச்ல முதல்ல வர்றதெல்லாம் விளம்பரம், அரசாங்க சைட் மாதிரியே கொடி எல்லாம் போட்டு வச்சிருப்பாங்க, அதே விக்னெட்டை சர்வீஸ் சார்ஜ் போட்டு விப்பாங்க. ஏமாத்துன்னு சொல்ல முடியாது, வாங்கித் தர்றாங்க, ஆனா மூணு நிமிஷ வேலைக்கு எதுக்கு அவ்வளவு. சுத்த தண்டம்.

இத்தாலில விக்னெட் இல்ல, உள்ள நுழையும்போது சீட்டு, வெளிய வரும்போது காசு. மஞ்சள் கலர்ல டெலிபாஸ்னு மட்டும் போட்டிருக்கற லேன்ல மட்டும் போயிடாதீங்க, அது டோலைத் தானா கழிக்கற கருவி வச்சிருக்கறவங்களுக்கு, நீலம் கார்டுக்கு, வெள்ளை கேஷுக்கு. மிலன் பக்கம் ஏ36 ரோட்டுல பூத்தே இல்ல, கேமரா மட்டும்தான், 15 நாளுக்குள்ள ஆன்லைன்ல கட்டணும். இந்த ரூட்ல அதைத் தொடாமயே போகலாம், மேப் சுத்தி விடும்போது கவனிச்சா போதும்.

இத்தாலில பயப்பட வேண்டியது டோலுக்கு இல்ல, ஊருக்குள்ள இருக்கற கட்டுப்பாட்டு ஏரியாவுக்கு. ஃப்ளாரன்ஸ், வெரோனான்னு பழைய ஊர் எல்லாத்துலயும் நடு ஊர்ல வெளி வண்டி போகக்கூடாது, வாசல்ல வெள்ளை வட்டத்துல சிவப்பு விளிம்பு போர்டு, ஒரு கேமரா. "வார்க்கோ ஆத்திவோ"ன்னு லைட் எரிஞ்சா தடை அமல்ல இருக்கு, உள்ள போகக்கூடாது. முன்னாடி போற டாக்சி போறானேன்னு பின்னாடியே போனா அவனுக்கு பர்மிட், உங்களுக்கு ஃபைன். ரெண்டு தடவை தாண்டினா ரெண்டு ஃபைன், போதாக்குறைக்கு உங்க அட்ரஸை போலீசுக்குக் குடுத்ததுக்காக ரென்டல் கம்பெனி தனியா ஒரு சார்ஜ் எடுக்கும். ஹோட்டல் நடு ஊர்ல இருந்தா புக் பண்ணும்போதே கேட்டுடுங்க, சில ஊர்ல ஹோட்டல்காரங்க உங்க நம்பரைப் பதிஞ்சு வச்சா அனுமதி கிடைக்கும், மறுபடியும் நம்பர், மறுபடியும் சாவி கைக்கு வந்தப்புறம்தான் மெயில் போட முடியும். எங்களுக்கு ஊருக்கு வெளிய ஸ்டேஷன் பக்கம் விட்டுட்டு நடந்து போறதுதான் நிம்மதியா இருந்துச்சு. வெனிஸ் ஊருக்குள்ள எப்படியும் வண்டி போகாது, மெஸ்த்ரேல விட்டுட்டு ரயில் ஏறிடுங்க.

இப்ப ரென்டல் கவுன்ட்டருக்கு வரேன், பேர் சொல்லல. வண்டி நல்ல வண்டி, டயர் புதுசு, குறையே இல்ல. குறை எல்லாம் கவுன்ட்டர்லதான். நாங்க புக் பண்ணது இடைத்தரகர் சைட் ஒண்ணுல, அங்க "ஐரோப்பா முழுக்க ஓட்டலாம்"ங்கற மாதிரி இருந்துச்சு, கவுன்ட்டர்ல வந்து ஸ்லோவேனியாவுக்கு முன்கூட்டி சொல்லணும், கிராஸ் பார்டர் ஃபீ தனின்னு ஆரம்பிச்சாங்க. வாக்குவாதம் பண்ணி பிரயோஜனம் இல்ல, கட்டினோம், ஏன்னா சொல்லாம தாண்டினா இன்ஷூரன்ஸே செல்லாமப் போயிடும். நீங்க புக் பண்ணும்போது ஹெட்லைனைப் பாக்காம அந்த கம்பெனியோட சொந்த ரென்டல் கண்டிஷன்ல நாடுகள் லிஸ்டைப் பாருங்க, பெரும்பாலும் நாடுகளைப் பிரிச்சு வச்சிருப்பாங்க, எந்த பிரிவுக்கு எந்த கார் போகலாம்னு இருக்கும், சொகுசு கார்களுக்குக் கட்டுப்பாடு ஜாஸ்தி. நாங்க சாதாரண கார் எடுத்ததால தப்பிச்சோம். ஒரு நாட்டுல எடுத்து வேற நாட்டுல விடற பிளான் இருந்தா அந்த ஒன்-வே சார்ஜைப் பாத்துட்டு பேசாம ரவுண்டு அடிச்சு வந்துடுவீங்க.

அடுத்து எக்ஸஸ். விபத்துன்னா உங்க பங்கு இவ்வளவுன்னு ஒரு தொகை, அதை கிரெடிட் கார்டுல பிளாக் பண்ணிடுவாங்க, கார்டு மெயின் டிரைவர் பேர்லயே இருக்கணும், நிறைய இடத்துல டெபிட் கார்டை வாங்கவே மாட்டாங்க. கவுன்ட்டர்ல இருக்கறவர் அதை ஜீரோ ஆக்கறேன்னு தினசரி ரேட்ல ஒரு பேக்கேஜ் சொல்வார், நம்ம முகத்தைப் பாத்தே முதல் தடவைன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. வெளிய தனியா எக்ஸஸ் இன்ஷூரன்ஸ் வாங்கினா அதுல பாதிகூட ஆகாது, ஆனா அதுல முதல்ல நீங்க கட்டிட்டு அப்புறம் பேப்பர் எல்லாம் குடுத்து வாங்கணும், டெபாசிட்டும் பிளாக் ஆகத்தான் செய்யும். கார்டுல லிமிட் இருந்தா வெளிய வாங்கறதுதான் என் ஓட்டு. எதை வாங்கினாலும் டயர், கண்ணாடி, வண்டி அடிப்பாகம் சேருமான்னு பாருங்க, மலை ரோட்டுல அடி படறது அங்கதான். மொத்தத்துல கம்பெனிக்கு மூணு, அந்த தரகர் சைட்டுக்கு ஒண்ணு.

வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தி வீடியோ, பெட்ரோல் அளவு ஃபோட்டோ எல்லாரும் சொல்றதுதான். கூடவே டிக்கியைத் திறந்து முக்கோணம், முதலுதவிப் பெட்டி, பளிச் ஜாக்கெட் இருக்கான்னு பாருங்க, ஆஸ்திரியாவுல மூணும் கட்டாயம். ஜாக்கெட் டிக்கில இருந்தா சீட்டுக்குப் பக்கத்துல எடுத்து வச்சுக்கணும், ஹைவேல பிரேக்டவுன்னா போட்டுட்டுதான் இறங்கணும், அதை எடுக்கறதுக்கே இறங்கினா எப்படி.

இன்டர்நேஷனல் பெர்மிட் விஷயத்துல ஒரு வரி: லைசென்ஸ் குடுத்த நாட்டுலயே கிளம்பறதுக்கு முன்னாடி வாங்கற புத்தகம் மட்டும்தான் செல்லும், அது வெறும் மொழிபெயர்ப்பு, ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே வேணும். நெட்ல வீட்டுக்கே அனுப்பறோம்னு கார்டு விக்கறவங்க கிட்ட காசைத் தூக்கிப் போடாதீங்க.

மேப் ஆப். கூகுள் மேப்ஸ்ல போற வழியெல்லாம் ஆஃப்லைன்ல இறக்கி வச்சோம், நெட் இல்லாம வழி காட்டும், ஆனா ட்ராஃபிக்கும் வேற ரூட்டும் காட்டாது. பேக்கப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வச்சு ஓடறது, இலவசம், விளம்பரம் கிடையாது, நாடு நாடா இறக்கிக்கலாம், சின்ன கிராம சந்துகூட அதுல இருக்கு. காட்ஹார்ட் ஜாமைக் காட்டறதுக்கு அது உதவாது, வீக்கென்ட்ல அந்த டனல் வாசல்ல கிலோமீட்டர் கணக்குல வண்டி நிக்கும், அப்ப நெட் இருந்தா சான் பெர்னார்டினோ வழியைப் பாக்கலாம். எந்த ஆப்பா இருந்தாலும் ஸ்பீட் கேமரா வார்னிங்கை ஆஃப் பண்ணிடுங்க, சுவிஸ்ல அது சட்டப்படி தடை, ஜெர்மனிலயும் ஓட்டறவங்க அதைப் பயன்படுத்தக் கூடாது. சிம் விஷயத்துல இதைவிடப் பெரிய பொறி இருக்கு. ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள்ள ஒரே டேட்டா செல்லும், சுவிஸ் யூனியன்ல இல்ல. மலிவான ஈசிம் வாங்கினா லிஸ்ட்ல சுவிட்சர்லாந்து பேர் இருக்கான்னு தேடிப் பாருங்க, இல்லன்னா மிலன் வரைக்கும் ஜம்முனு வந்துட்டு பார்டர் தாண்டினதும் மேப் அப்படியே உறைஞ்சு நிக்கும். போடன்சீ ஏரிக்கரைல ஜெர்மனி பக்கம் இருக்கும்போதே ஃபோன் சுவிஸ் டவரைப் பிடிக்கும், அதையும் பாத்துக்கோங்க.

ரோட்டு ரூல் நிறைய, படிச்சுட்டுப் போங்க, நான் ரெண்டு மூணு மட்டும் சொல்றேன். போர்டு இல்லாத சந்திப்புல வலது பக்கத்துலேர்ந்து வர்றவனுக்கு முதல் உரிமை, சின்னத் தெருலேர்ந்து ஒருத்தன் நிறுத்தாம வருவான், தப்பு அவன் மேல இல்ல. ஹைவேல ட்ராஃபிக் மெதுவாக ஆரம்பிச்சதுமே இடது லேன் இடது ஓரம், மத்தவங்க எல்லாம் வலது ஓரம், நடுவுல ஆம்புலன்ஸ்க்கு வழி, ஜெர்மனிலயும் ஆஸ்திரியாவுலயும் இது சட்டம், சைரன் கேக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பார்க்கிங்ல வெள்ளைக் கோடு இத்தாலில இலவசம், சுவிஸ்ல பெரும்பாலும் காசு, நீலக் கோடு இத்தாலில காசு, சுவிஸ்ல டைம் காட்டற அட்டை வச்சா இலவசம். யாரு யோசிச்சாங்களோ.

விக்னெட் ரசீது மெயில், டோல் சீட்டு, வண்டி திருப்பிக் குடுத்த பேப்பர் எதையும் அழிச்சுடாதீங்க. இத்தாலி ஃபைன் வெளிநாட்டுக்காரங்களுக்கு 360 நாள் வரைக்கும் வரலாம், அது வரைக்கும் எல்லாம் ஒரு ஃபோல்டர்ல கிடக்கட்டும்.